47 வயதில் வகுப்பறையை விட்டு வீட்டு விற்பனைக்கு: சாட்ஸ்வர்த் கணித ஆசிரியை ஒருவரின் நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஓர் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டார் என்றால் ஊர் கேட்கும் முதல் கேள்வி இன்றும் ஒன்றுதான்: "பேக்கேஜா?" 1990-களின் பிற்பாதியில் ஆசிரியர் பணியிடங்களைச் சரிக்கட்ட அரசு விருப்ப விலகல் தொகை கொடுத்தது. அனுபவசாலிகள் பலர் அதை வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். கடை வைத்தவர்கள், வண்டி வாங்கி ஓட்டியவர்கள், கையில் இருந்ததை இரண்டே வருடத்தில் தொலைத்தவர்கள் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கதை உண்டு. வாத்தியார் வேலையை விட்டவர் உருப்பட மாட்டார் என்ற எண்ணம் அங்கிருந்துதான் ஊன்றிப்போனது என்று நினைக்கிறேன்.

இந்த ஆய்வுக்குரியவர் பேக்கேஜ் வாங்கவில்லை. உயர்நிலைப் பள்ளியில் 23 ஆண்டுகள் கணிதம் நடத்திவிட்டு, 2021 டிசம்பரில் தானாகவே ராஜினாமா செய்தார். அப்போது வயது 47. அடுத்த மாதமே ஒரு வீட்டு விற்பனை நிறுவனத்தில் பயிற்சித் தரகராகச் சேர்ந்தார். அவருடைய வருமான வரிக் கணக்கைப் பார்ப்பவன் நான். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், பள்ளி, நிறுவனம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் 'டீச்சர்' என்றே குறிப்பிடுகிறேன். தொகைகளை அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றியிருக்கிறேன். பேச்சுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தவை. நான்காம், ஐந்தாம் தலைமுறைத் தமிழர் வீடுகளில் தமிழ் இப்போது கோவிலிலும் சமையலறையிலும்தான் மிச்சம் இருக்கிறது.

ஏன் விட்டார் என்பதில் புதிதாக ஒன்றும் இல்லை. துறைத் தலைவர் பதவிக்கு விண்ணப்பித்துக் கிடைக்கவில்லை. கொரோனா காலத்தில் பாதி வகுப்பு ஒரு நாள், மீதி வகுப்பு மறுநாள் என்று நடத்தியதில் களைத்துப்போனார். மகன் பல்கலைக்கழகம் போய்விட்டான். இதே காரணங்கள் உள்ள ஆயிரம் பேர் வேலையில் நீடிக்கிறார்கள். எனவே ஏன் விட்டார் என்பதை விட, எப்படி விட்டார் என்பதே கவனிக்க வேண்டியது.

போகும் முன் போட்ட கணக்கு

தென்னாப்பிரிக்காவில் அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளச் சீட்டை மேலோட்டமாகப் பார்த்தால் ஏமாந்து போவோம். கையில் வரும் தொகை ஒரு பகுதிதான். அரசு ஊழியர் ஓய்வூதிய நிதிக்கு ஆசிரியர் தன் சம்பளத்தில் 7.5 சதவீதம் கட்டுகிறார். அரசு 13 சதவீதம் கட்டுகிறது. மருத்துவக் காப்பீட்டில் அரசின் பங்கு, வீட்டுப்படி, பிறந்த மாதத்தில் வரும் பதின்மூன்றாவது சம்பளம் எல்லாம் இதோடு சேரும். ராஜினாமா செய்த அன்றே இவை அத்தனையும் நின்றுவிடும்.

ஓய்வூதிய விஷயத்தில் வயது முக்கியம். இந்த நிதியில் முழு ஓய்வு வயது 60. பத்தாண்டுப் பணி இருந்தால் 55-இலேயே ஓய்வு பெறலாம். ஆனால் 60-க்குக் குறையும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு பிடிப்பார்கள். அதாவது 55-இல் போனால் 20 சதவீதம் குறையும், ஆனால் ஆயுள் முழுவதும் மாத ஓய்வூதியம் வரும். 47-இல் போனால் அது ஓய்வு இல்லை, ராஜினாமா. டீச்சர் விலகிய 2021-இல் இருந்த விதிப்படி, பணத்தை மொத்தமாக எடுத்து வரி கட்டலாம், அல்லது வேறொரு அங்கீகரிக்கப்பட்ட நிதிக்கு மாற்றலாம். எதைச் செய்தாலும் அரசு தரும் ஆயுள்கால மாத ஓய்வூதியம் போய்விடும். அதற்குப் பதில் சந்தையோடு ஏறி இறங்கும் ஒரு தொகைதான் கையில் இருக்கும்.

உறவினர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "பென்ஷனை எடுத்து வீட்டுக் கடனை அடைச்சிடு, நிம்மதியா இருக்கலாம்." கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ராஜினாமா செய்து மொத்தமாக எடுத்தால் அப்போது முதல் 25,000 ராண்டுக்கு மட்டும்தான் வரி இல்லை. ஓய்வு பெற்று எடுப்பவருக்கு அதே சலுகை அப்போது ஐந்து லட்சம் ராண்ட். டீச்சர் ஒரு காசும் எடுக்காமல் முழுத் தொகையையும், ஓய்வு வரை பணத்தைக் காத்து வைக்கும் பாதுகாப்பு நிதி ஒன்றுக்கு மாற்றினார். இந்த முழுக் கதையிலும் அவர் எடுத்த சிறந்த முடிவு இதுதான் என்பது என் கருத்து. மற்றதெல்லாம் தவறிப் போயிருந்தாலும் இது அவரைக் காப்பாற்றியிருக்கும்.

அப்புறம் மாதச் செலவு. கணவர் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவர் சம்பளம் போக வீட்டுக்கு மாதம் 11,000 ராண்ட் துண்டு விழும். அரசின் பங்கு இல்லாமல் தாங்களே கட்ட வேண்டிய மருத்துவக் காப்பீடும் அதில் அடக்கம். 18 மாதத்துக்கு இரண்டு லட்சம் ராண்டுக்குச் சற்றுக் குறைவு. பணியில் இருந்தபோதே சில ஆண்டுகளாக இதைத் தனிக் கணக்கில் சேர்த்திருந்தார்.

வேலையில் இருந்துகொண்டே தரகு வேலையைப் பழகிப் பார்க்கலாமே என்று பலர் கேட்பார்கள். ஆசிரியர் பணிச் சட்டப்படி, துறையின் அனுமதி இல்லாமல் வெளியே சம்பளத்துக்கு வேறு வேலை செய்யக் கூடாது. டீச்சர் அனுமதி கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பேச்சாகிவிடும் என்ற தயக்கம். செப்டம்பர் இறுதியில் 90 நாள் முன்னறிவிப்பு கொடுத்தார். அந்த ஆண்டின் கடைசி விடைத்தாள்களைத் திருத்திக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

மீண்டும் பயிற்சி மாணவி

அவர் சேர்ந்த நேரத்தில் சட்டமே மாறியது. 1976-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஏஜென்சிச் சட்டம் போய், 2019-இல் இயற்றப்பட்ட சொத்துத் தொழில் செய்வோர் சட்டம் 2022 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அடிப்படை ஒன்றுதான்: தரகருக்கு உரிமம் போன்ற ஃபிடிலிட்டி ஃபண்ட் சான்றிதழ் கையில் இல்லாதவருக்கு வீடு விற்றுக் கொடுத்தாலும் கமிஷன் கேட்க உரிமை இல்லை. புதிதாக வருபவர் அனுபவமுள்ள தரகரின் மேற்பார்வையில் பன்னிரண்டு மாதம் பயிற்சி பெற வேண்டும், செய்த வேலையை எல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும், தேசியத் தகுதி வரிசையில் நான்காம் நிலைத் தகுதிப் படிப்பை முடிக்க வேண்டும், அதற்குப் பிறகு தொழில் தகுதித் தேர்வு எழுத வேண்டும். பெயர்ப் பலகையிலும் அட்டையிலும் 'பயிற்சித் தரகர்' என்று போட்டாக வேண்டும்.

23 ஆண்டுகள் மற்றவர்களின் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவருக்கு, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரிடம் பதிவேட்டை நீட்டுவது எப்படி இருந்தது என்று கேட்டேன். "அதுல கஷ்டமில்ல அண்ணா. பரீட்சைன்னா எனக்குப் பழக்கம்தானே. சம்பள நாள் இல்லாததுதான் கஷ்டம்" என்றார்.

அந்தச் சம்பள நாள் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். 11 லட்சம் ராண்டுக்கு ஒரு வீடு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 6 சதவீதம் என்றால் 66,000. அதன்மேல் 15 சதவீத வாட் வரி 9,900. ஆக விற்பவர் கொடுப்பது 75,900. வாட் அரசுக்குப் போகும். மீதி 66,000-இல் நிறுவனம் பாதி எடுத்துக்கொண்டால் தரகருக்கு 33,000. வாங்குபவரை இன்னொரு தரகர் கொண்டுவந்திருந்தால் அதுவும் பாதியாகி 16,500. இதில்தான் பெட்ரோல், போன், இணைய விளம்பரம், வருமான வரி எல்லாம். அடிப்படைச் சம்பளம் கிடையாது.

இந்த 33,000-உம் ஒப்பந்தம் கையெழுத்தான அன்று வருவதில்லை. வாங்குபவரின் வீட்டுக் கடனுக்கு (இங்கே 'பாண்ட்' என்பார்கள்) வங்கி ஒப்புதல் தர வேண்டும். வழக்கறிஞர் நகராட்சியிடம் வரி பாக்கி இல்லை என்ற சான்று வாங்க வேண்டும். பீட்டர்மரிட்ஸ்பர்கில் உள்ள பத்திரப்பதிவு அலுவலகத்தில் வீடு புதியவர் பெயருக்கு மாற வேண்டும். எல்லாம் சீராகப் போனாலே இரண்டரை, மூன்று மாதம் ஆகும். பதிவான பிறகுதான் கமிஷன். டீச்சரின் முதல் விற்பனை மே இறுதியில் கையெழுத்தாகி, செப்டம்பரில் பதிவானது. அதாவது வேலைக்குச் சேர்ந்து ஒன்பதாவது மாதத்தில்தான் முதல் வருமானம். 2022 முழுவதும் பதிவானவை இரண்டே வீடுகள். 33,000-உம் 16,500-உம் சேர்ந்து 49,500 ராண்ட்.

நேரமும் சரியில்லை. 2022 ஜனவரி இறுதியில் 7.5 சதவீதமாக இருந்த பிரைம் வட்டி (வங்கிகள் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் வட்டி), ரிசர்வ் வங்கி கூட்டத்துக்குக் கூட்டம் ஏற்றியதில் 2023 மே மாதம் 11.75-ஐத் தொட்டது. 20 ஆண்டுத் தவணையில் பத்து லட்சம் ராண்ட் கடனுக்கு மாதத் தவணை சுமார் 8,050-இலிருந்து 10,840 ஆனது. வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் தவணை போகக் கூடாது என்பது வங்கிகள் பொதுவாகப் பார்க்கும் அளவு. அந்தக் கணக்கில் முன்பு 27,000 ராண்ட் சம்பளக்காரர் வாங்க முடிந்த வீட்டுக்கு இப்போது 36,000 வேண்டும். டீச்சரின் பழைய மாணவர்களில் நர்ஸ், போலீஸ், இளம் ஆசிரியர்கள் நிறைய. அவர்கள் ஒவ்வொருவராகச் சந்தையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தார்கள்.

"மேம்"

எல்லோரையும் தெரியும், எல்லோருக்கும் இவரைத் தெரியும். அதனால் வாடிக்கையாளர் தானாக வருவார்கள் என்றுதான் அவரைச் சேர்த்த நிறுவனமும் நினைத்தது, அவரும் நினைத்தார். கடைக்குப் போனாலும் மாரியம்மன் கோவில் வாசலில் நின்றாலும் "மேம், எப்படி இருக்கீங்க?" என்று யாராவது வருவார்கள். முப்பத்தைந்து வயதில் இரண்டு பிள்ளைகளோடு நிற்பவர்கள் கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இந்த 'மேம்' கதவைத் திறந்தது உண்மை. ஆனால் உள்ளே போன பிறகு அதுவே இடைஞ்சலாகவும் நின்றது. பழைய மாணவர்கள் தங்கள் கடன் நிலையை அவரிடம் மறைத்தார்கள். கார் தவணை பாக்கி, பழைய கடனுக்காக வந்த நீதிமன்றத் தீர்ப்பு என்று டீச்சரிடம் சொல்ல வெட்கம். முதல் ஆண்டில் ஒரு விற்பனை இப்படித்தான் முறிந்தது. வங்கி மறுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. விற்பவர்களோ வேறு மாதிரி: "நம்ம டீச்சர்தானே" என்று கமிஷனைப் பாதியாக்கச் சொன்னார்கள். எழுத்தில் விற்பனை அதிகாரம் கொடுக்காமல் "உங்க மேல நம்பிக்கை இருக்கு மேம், பேப்பர் எதுக்கு?" என்றவர்களும் உண்டு. அப்படிச் சொன்ன ஒருவர் மூன்றாவது வாரம் வேறு தரகர் மூலம் விற்றுவிட்டார்.

இதையெல்லாம் எந்தத் தரகரும் சந்திப்பார். டீச்சருக்கென்று தனியாக இருந்த சிக்கல் வேறு. வகுப்பில் முன்னால் உட்கார்ந்திருப்பவன் யாரோ அவனுக்குப் புரிய வைப்பதுதான் வேலை. தரகில் எதிரே உட்கார்ந்திருப்பவர் வாங்குபவர். பணம் கொடுப்பதும் அதிகாரம் கொடுத்ததும் விற்பவர். நர்ஸாக இருந்த பழைய மாணவி ஒருத்தி ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு, "மேம், நீங்களே சொல்லுங்க, இந்த விலை சரியா?" என்று கேட்டாள். டீச்சர் வாய் தவறி, விற்பவருக்கு அவசரம் என்பதைச் சொல்லிவிட்டார். மறுநாள் அந்தப் பெண் 80,000 குறைத்துக் கேட்டாள். நிறுவன உரிமையாளர் அவரை அழைத்துக் கடுமையாகவே பேசினார். பேசியது நியாயம்தான். வாடிக்கையாளரின் ரகசியத்தை எதிர்த்தரப்பிடம் சொல்வது இந்தத் தொழிலில் சின்னத் தவறு கிடையாது.

அதன் பிறகு அவர் வைத்துக்கொண்ட வழி எனக்குப் பிடிக்கும். வீட்டைக் காட்டும் முன்பே, "நான் விற்கிறவங்களுக்காக வேலை செய்றேன். வீட்டைப் பத்தி எனக்குத் தெரிஞ்ச குறை எல்லாத்தையும் சொல்வேன். அவங்களைப் பத்தி எதுவும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிடுவார். விலை சரியா என்று கேட்டால், அதே தெருக்களில் சமீபத்தில் பதிவான விற்பனை விலைகளைக் காகிதத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பார். சும்மா இருப்பதுதான் கஷ்டமாக இருந்ததாம்.

பின்கட்டு அறைகளும் வரைபடமும்

சாட்ஸ்வர்த் எப்படி உருவானது என்பது தெரிந்தால்தான் அடுத்தது புரியும். இன வாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-இன் குடியிருப்புப் பகுதிச் சட்டத்தின் கீழ் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட இந்தியக் குடும்பங்களை 1960-களில் கொண்டுவந்து இறக்கிய இடம் இது. மேட்டிலும் சரிவிலும் வரிசையாகச் சுவர் ஒட்டிய வீடுகள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆக ஆக, பின்பக்கம் ஓர் அறை, அதன்மேல் இன்னோர் அறை, பக்கத்தில் கார் நிறுத்த ஒரு கூரை என்று வீடுகள் வளர்ந்தன. இப்போது அந்தப் பின்கட்டில் வாடகைக்கு ஆள் இருக்கும். அதில் நிறைய இதெக்வினி (டர்பன்) நகராட்சி ஒப்புதல் இல்லாமலேயே கட்டியவை.

விற்பவர் அந்த வாடகையையும் சேர்த்துத்தான் விலை சொல்வார். ஒப்புதல் இல்லாத கட்டடத்துக்கு வங்கியின் மதிப்பீட்டாளர் அந்த மதிப்பைத் தர மாட்டார். வீட்டுக்கு 14.5 லட்சம் கேட்டு, வாங்குபவரும் ஒத்துக்கொண்டு, வங்கி 11 லட்சத்துக்குத்தான் கடன் தருவேன் என்றால் பேரம் அங்கேயே முறியும். தரகரின் மூன்று மாத உழைப்பும் அதோடு போகும். இப்படி முறிந்த ஒரு வீடு, வேறு தரகரிடமிருந்து டீச்சர் கைக்கு வந்தது. வெஸ்ட்கிளிஃப் பக்கம், எழுபது வயதுத் தாத்தா ஒருவருடையது. டீச்சர் போய் உட்கார்ந்ததும் கேட்டது வீட்டின் ஒப்புதல் பெற்ற வரைபடத்தை. தாத்தாவுக்குக் கோபம். "நீ வீடு விக்க வந்தியா, இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தியா மா?" என்றார்.

கணித ஆசிரியர்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: விடை சரியாக இருந்தாலும் வழிமுறை இல்லாவிட்டால் முழு மதிப்பெண் தர மாட்டார்கள். இந்த வீட்டில் அந்தப் பிடிவாதம் உதவியது. நகராட்சியில் விண்ணப்பித்து வரைபட நகல் வாங்கினார். எது ஒப்புதல் பெற்றது, எது பெறாதது என்று பென்சிலால் குறித்தார். வரைபடக்காரரை வைத்துப் பின்கட்டுக்குப் புதிதாக ஒப்புதல் வாங்கினால் எவ்வளவு காலம் ஆகும், எவ்வளவு செலவாகும், வாங்காமல் உள்ளபடியே விற்றால் வங்கி எந்த விலையில் நிற்கும் என்று இரண்டையும் எழுதிக் கொடுத்தார். தாத்தா இரண்டாவதைத் தேர்ந்தார். 11.2 லட்சத்துக்குப் போட்டார்கள். ஒரே மாதத்தில் வாங்க ஆள் வந்தார், வங்கி மறுக்கவில்லை, பதிவானது.

அந்த வீட்டுக்குப் பிறகு எந்த வீட்டையும் விளம்பரப்படுத்தும் முன்பே ஒரு கோப்பு தயார் செய்வது அவர் வழக்கமானது. வரைபட நகல், நகராட்சி வரிக் கணக்கு, மின் இணைப்புச் சான்று, மின்வேலி இருந்தால் அதற்கான சான்று, நம் கடற்கரைப் பக்கத்தில் வழக்கமாகக் கேட்கும் மரப்பூச்சிச் சான்று எல்லாம் அதில் இருக்கும். புதிய சட்டமும் கை கொடுத்தது. விற்பவர் வீட்டின் குறைகளை எழுதிக் கையெழுத்திட்ட படிவத்தைக் கொடுக்காமல் தரகர் விற்பனை அதிகாரத்தையே ஏற்கக் கூடாது என்பது விதி. கட்டடத்தில் செய்த கூடுதல் வேலைகளுக்கு அனுமதி வாங்கப்பட்டதா என்ற கேள்வி அந்தப் படிவத்திலேயே இருக்கிறது. பல தரகர்கள் அதைக் கடைசி நிமிடத்தில் நிரப்பும் காகிதமாகப் பார்க்கிறார்கள். டீச்சர் அதை வைத்துத்தான் பேச்சையே தொடங்குவார். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு சரிவு வீடுகளைப் பார்ப்பவர்கள் தாங்குசுவரைத்தான் முதலில் பார்த்தார்கள். அதைப் பற்றியும் படிவத்தில் எழுத வைத்தார்.

கோப்பு போட ஒப்புக்கொள்ளாதவர்களின் வீட்டை விட்டுவிடுவார். கையில் இருக்கும் வீடுகளின் எண்ணிக்கை குறைந்தது. அதைப் பார்த்து உரிமையாளருக்குக் கவலை. ஆனால் கையெழுத்தானவை முறியவில்லை. பெயர் மாற்ற வேலை செய்யும் வழக்கறிஞர் ஒருவர் இதைக் கவனித்துவிட்டு, தன்னிடம் வரும் சிக்கலான வீடுகளை அவருக்கு அனுப்பத் தொடங்கினார்.

அந்தச் சிக்கலான வீடுகளில் பெரும்பகுதி காலமானவர் பெயரில் இருந்தவை. அப்பா பெயரில் வீடு, அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம், ஐந்து பிள்ளைகள், ஒருவர் ஜோகன்னஸ்பர்க், ஒருவர் ஆஸ்திரேலியா. வீட்டில் இருப்பவர் கடைசித் தம்பி. காலமானவரின் சொத்தைக் கவனிக்க உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் நியமித்த நிறைவேற்றுநர் இல்லாமல் விற்பனை ஒப்பந்தத்தில் யாரும் செல்லுபடியாகும் கையெழுத்துப் போட முடியாது. இரண்டரை லட்சம் ராண்டுக்கு மேற்பட்ட சொத்து என்றால் முறையான நியமனக் கடிதம் வேண்டும். இதை அறியாமல் மூத்த அண்ணன் கையெழுத்துப் போட்டு முன்பணம் வாங்கிய வீடுகள் உண்டு.

இந்தக் குடும்பக் கூட்டங்களில் டீச்சர் தேறியது எனக்கு வியப்பில்லை. பெற்றோர் சந்திப்பு நாளில் சண்டைக்கு வரும் அப்பாக்களை அவர் எத்தனையோ பார்த்தவர். ஒரு வீட்டில் அக்காவும் தம்பியும் ஒருவரோடொருவர் பேசுவதே இல்லை. டீச்சர் இருவரையும் தனித்தனியாகச் சந்தித்தார். தம்பி இத்தனை வருடம் கட்டிய நகராட்சி வரி ரசீதுகளை வரிசைப்படுத்திக் கூட்டினார். அந்தத் தொகையைப் பங்கு பிரிக்கும் முன் தம்பிக்குக் கழிக்கலாமா என்று நிறைவேற்றுநரிடம் கேட்கச் சொன்னார். யார் பக்கமும் பேசவில்லை. அக்கா கடைசியில் கையெழுத்துப் போட்டார்; ஒரே நிபந்தனை, ஆடி முடிந்த பிறகுதான் புதியவர்கள் குடிவர வேண்டும், அம்மா அந்த வீட்டில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சிய மாதம் அது. வாங்கியவர்களும் தமிழர்கள். ஆடியில் பால் காய்ச்ச அவர்களுக்கும் விருப்பமில்லை. ஒப்பந்தத்தில் குடியேறும் தேதி ஆவணியில் வந்தது.

எண்கள் சொல்வது

2023 ஜூனில் 18 மாதச் சேமிப்பு தீர்ந்தது. பிரைம் வட்டி உச்சத்தில் நின்ற நேரம். பாதுகாப்பு நிதியிலிருந்து ஒருமுறை எடுக்கலாம் என்று விதி இருந்தது. படிவம் கூட நிரப்பியாயிற்று. நான் வேண்டாம் என்றேன். வீட்டில் வாக்குவாதம் ஆனது. கடைசியில் அவர் செய்தது மிகச் சாதாரணம்: மாலையில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணித ட்யூஷன். அரசுப் பணியில் இல்லாததால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மாதம் ஆறு, ஏழாயிரம் வந்தது. வீட்டு விற்பனைக்காக வகுப்பறையை விட்டவரை அந்த ஆண்டு தாங்கியது ட்யூஷன்தான். முதல் மாதத்திலேயே இதைத் தொடங்கியிருக்கலாம் என்பது என் எண்ணம். திரும்பவும் பாடம் நடத்துவது தோல்வி போலத் தெரியும் என்று அவர் தள்ளிப்போட்டிருந்தார்.

அந்த ஆண்டு ஐந்து வீடுகள் பதிவாயின; கிட்டத்தட்ட ஒரு லட்சத்து 60 ஆயிரம். தொழில் தகுதித் தேர்விலும் தேறினார். முழுத் தகுதி வந்ததும் நிறுவனத்தோடு பங்கை 60 சதவீதமாகப் பேசி உயர்த்தினார். 2024-இல் பத்து வீடுகள். மொத்த வருமானம் நான்கு லட்சத்தைத் தாண்டி, பழைய சம்பளத்துக்குச் சமமாக வந்தது. பெட்ரோல், விளம்பரம், போன் கழித்தால் சமமில்லை. அரசு கட்டிவந்த ஓய்வூதியப் பங்கையும் மருத்துவப் பங்கையும் சேர்த்து ஒப்பிட்டால் அந்த ஆண்டும் அவர் பின்தங்கித்தான் இருந்தார். "பழைய சம்பளத்தைத் தாண்டிட்டேன்" என்று சொல்லும் தரகர்களிடம் நான் கேட்கும் கேள்வி இதுதான்: எதைக் கழித்த பிறகு?

2025-இல் நிலைமை இளகியது. ஏப்ரல் முதல் 12.1 லட்சம் ராண்ட் வரையிலான வீடுகளுக்கு வாங்குபவர் கட்டும் பெயர்மாற்ற வரி இல்லை என்றானது; சாட்ஸ்வர்த்தில் அவர் விற்கும் வீடுகளில் பெரும்பாலானவை அந்த எல்லைக்குள் வருபவை. பிரைம் வட்டியும் படிப்படியாக இறங்கி நவம்பரில் 10.25-க்கு வந்தது. செலவெல்லாம் கழித்தும் பழைய சம்பளத்தை அவர் தாண்டியது இந்த ஆண்டுதான். வேலையை விட்டு நான்காவது ஆண்டு.

வருமான வரி முறையும் பழக வேண்டியிருந்தது. மாதச் சம்பளத்தில் தானாகப் பிடித்த வரியை இப்போது ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் தானே கணித்துக் கட்ட வேண்டும். ஒவ்வொரு கமிஷனிலும் கால் பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிடச் சொன்னேன். இதை ஒருமுறை கூட அவர் தவறவிட்டதில்லை. என்னிடம் வரும் மற்ற தரகர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இழந்ததில் அவர் அதிகம் பேசுவது பணத்தைப் பற்றியல்ல, வார இறுதியைப் பற்றி. ஞாயிறு பிற்பகல் வீடு காட்டும் நேரம். கல்யாணம், கோவில் சர்வீஸ், காவடி எல்லாமே நம் ஊரில் சனி, ஞாயிறில்தான் வரும். ஈஸ்டர் விடுமுறையில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்குக் குடும்பத்தோடு போவது அவர்களுக்கு வழக்கம். 2023-இல் கணவரும் மகனும் மட்டும் போனார்கள். இப்போது ஈஸ்டருக்கும் புரட்டாசிச் சனிக்கிழமைகளுக்கும் வீடு காட்டுவதில்லை என்று அட்டையிலேயே அச்சடித்துவிட்டார்.

இவரைப் பார்த்துக் கேட்க வருபவர்கள்

பழைய சகாக்கள் இப்போது அவரிடம் வந்து விசாரிக்கிறார்கள். கணக்குக்காகச் சிலரை என்னிடமும் அனுப்புகிறார். எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. 53 வயது ஆசிரியர் ஒருவர் வந்தார். 28 ஆண்டுப் பணி. இப்போதே ராஜினாமா கொடுக்கத் துடிப்பு. இன்னும் இரண்டு வருடம் பொறுத்தால் 20 சதவீதம் குறைந்தாலும் ஆயுள்கால மாத ஓய்வூதியம் கையில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு கமிஷனுக்காகக் காத்திருப்பது வேறு, வெறுங்கையோடு காத்திருப்பது வேறு என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். முகம் சுண்டிப்போனது. இருந்தாலும் போய் யோசித்துவிட்டு, 55 வரை இருப்பதாக முடிவு செய்து, இப்போதைக்கு நான்காம் நிலைப் படிப்புக்கு மட்டும் சேர்ந்திருக்கிறார்.

இன்னொருவர் 29 வயது ஒப்பந்த ஆசிரியை. டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் பெற்றோரோடு இருக்கிறார். இழக்க ஓய்வூதியம் என்று பெரிதாக இல்லை. அந்த வகையில் டீச்சரை விட அவருக்குச் சுலபம். ஆனால் சேமிப்பு நான்கு மாதத்துக்குத்தான் இருக்கிறது, முதல் கமிஷன் வர அதைப் போல இரண்டு மடங்கு காலம் ஆகலாம். கார் இல்லை. டீச்சர் அவரை முதலில் வாடகை வீடுகள் பார்க்கும் பிரிவில் சேரச் சொன்னார். வாடகையில் கமிஷன் சிறியது, ஆனால் மாதா மாதம் வரும்.

சொந்த நிறுவனம் தொடங்குவதைப் பற்றி டீச்சரிடம் கேட்டேன். அதற்கு ஐந்தாம் நிலைத் தகுதியும் அதற்கான தேர்வும் வேண்டும், வாடிக்கையாளர் பணத்தைத் தனியாக வைக்க ஒரு 'டிரஸ்ட்' கணக்கு வேண்டும், அவர் கீழ் வருபவர்களின் பதிவேட்டில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். படிப்புக்குப் பணம் கட்டிவிட்டார். நிறுவனம் தொடங்குவது பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. ட்யூஷனை மட்டும் நிறுத்தவில்லை. செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்து மணிக்கு மேல் அவர் போனை எடுக்க மாட்டார் என்று அந்த வழக்கறிஞருக்கும் தெரியும்.